கல் என்று நம்பிய குடல்வால்

குடல்வால் உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், தொப்புளுக்கு வலப்பக்கம் கொஞ்சம் கீழே என்று முன்பெல்லாம் நானும் தயங்காமல் சொல்லியிருப்பேன். என் மனைவி லூர்து ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். அவள் பள்ளிக்கு எடுத்துப் போகும் செரிமான மண்டலப் படம் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும். அதில் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் புழுவைப் போல அது தொங்கும். அந்தப் படத்தை நம்பியதில் ஒரு நாளும், நண்பர்களை நம்பியதில் இரண்டு நாளும் போயின. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. குற்றம் சொல்வதென்றால் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான்.

எண்பதுகளின் பிற்பாதி. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் எனக்கு வேலை. இரும்பு உதிரி பாகங்களை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கும் இடம் அது. கடினமானவை போதுமான அளவு கடினமாகிவிட்டனவா என்று அழுத்திப் பார்ப்பது என் பங்கு. உலைப் பக்கம் நிற்பவர்கள் குடம் குடமாக வியர்ப்பார்கள், தண்ணீர் குடிக்க மறந்து போவார்கள். அதனால் சிறுநீரகக் கல் எங்கள் ஷாப்பில் ஜலதோஷம் மாதிரி சகஜம். கல் விழுந்தவர் அதைக் கழுவி, தீப்பெட்டியில் போட்டு, மேலே தன் பெயரை எழுதி அலமாரியில் வைப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உலையைக் காட்டும் முன்னாலேயே அந்தத் தீப்பெட்டிகளைக் காட்டுவார்கள். இருந்ததிலேயே பெரியது கன்னியப்பனுடையது. மிளகளவு. முத்தாபுதுப்பேட்டைக்காரன், உலை இயக்குபவன், எனக்கு ரொம்ப நெருக்கம். கல் விஷயத்தில் அவன் சொன்னதற்கு ஷாப்பில் மறு பேச்சு கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை எனக்குத் தொப்புளைச் சுற்றி வலித்தது. இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி. இட்லியைப் பார்த்ததும் குமட்டியது. மாலைக்குள் தொப்புளில் இருந்த வலி இடம் மாறி வலது விலாவுக்குக் கீழே, பின்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஷாப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததைக் கன்னியப்பன் பார்த்துவிட்டான்.

“இன்னா மச்சான், கோணிக்கினு நடக்கிற?”

“பின்னால வலிக்குதுப்பா. நேத்துலேர்ந்து.”

“எங்க, இங்கயா?” என்று முதுகோரம் தட்டினான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் முகத்தில் ஒரு நிறைவு. “கல்லுதான். சந்தேகமே வாணாம். பத்து வருசம் ஆச்சு, இப்பதான் உனுக்கு வேள வந்துகீது.”

கல்லை இறக்க எங்கள் ஷாப்பில் ஒரு முறை உண்டு. இரண்டு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்துவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி, குதிகால் தரையில் அறைகிற மாதிரி குதிக்க வேண்டும். பத்து முறை. குதிக்கிற அதிர்ச்சியில் கல் நழுவிக் கீழே வரும் என்பது கணக்கு. சுற்றி நின்று எண்ணுவார்கள். நானும் பலருக்கு எண்ணியிருக்கிறேன்.

முதல் குதியில் வயிறு முழுவதும் கத்தி இறங்கியது போல இருந்தது. நாலாவதில் உட்கார்ந்துவிட்டேன். “வலிச்சா நல்லதுதான். அது நவுருது” என்றான் கன்னியப்பன். கைகொடுத்துத் தூக்கி மறுபடி ஏற்றிவிட்டான். ஆறோடு நிறுத்திக்கொண்டேன். தொழிற்சாலை டிஸ்பென்சரியில் டாக்டர் என்னவென்று கேட்டபோது வலி என்று சொல்லவில்லை, “கல் சார்” என்றேன். எங்கள் ஷாப்பிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அவர் சிறுநீர் சோதனைக்கு எழுதினார். அதில் ரத்த அணுக்கள் கொஞ்சம் இருந்தன. கல்லுக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. வலி மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் லூர்து மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் எதையும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்கிற பெண் இல்லை. செய்தித்தாளில் தப்பான தகவல் வந்தால்கூட பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் மடித்து வைப்பாள்.

“கல்லு வந்தவங்க படுக்க முடியாம உருளுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க? கன்னியப்பண்ணே தரையில புரண்டார்னு சொன்னீங்களே. நீங்க காலை மடக்கிட்டு ஆடாம அசையாமப் படுத்திருக்கீங்க.”

அவள் சொன்னது உண்மை. எனக்குப் புரள வேண்டும் போல இல்லை. யாரும் கட்டிலைத் தொடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. லூர்து யோசித்துவிட்டு அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்தப் படத்தை எடுத்து விரித்தாள். படத்தையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்து, தொப்புளுக்கும் இடுப்பெலும்பின் முனைக்கும் நடுவே ஓர் இடத்தைக் கண்டுபிடித்து இரண்டு விரலால் அழுத்தினாள்.

“இங்க வலிக்குதா?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்லம்மா. பின்னாலதான்.”

“அப்போ அப்பண்டிக்ஸ் இல்ல” என்று படத்தைச் சுருட்டினாள். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. புதன்கிழமை முழுக்க வாழைத்தண்டுச் சாறு அரைத்து வடிகட்டிக் கொடுத்தாள். மாலையில் காய்ச்சல் அடித்தது.

வியாழன் காலை கன்னியப்பன் ஸ்கூட்டரோடு வந்தான். சென்னீர்குப்பத்தில் ஒருவர் கல்லுக்குப் பச்சிலை அரைத்துக் கொடுக்கிறாராம், வெறும் வயிற்றில் போக வேண்டுமாம். லூர்துவால் அன்று பள்ளிக்கு லீவு போட முடியாது, தேர்வு நேரம். “டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போங்கண்ணே” என்றாள். “அது கேக்கலன்னா டாக்டராண்ட போலாம் தங்கச்சி” என்றான்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் ரோடு அப்போது எப்படி இருந்தது என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. கன்னியப்பன் பள்ளங்களைத் தவிர்க்கவில்லை. குலுங்கினால் நல்லது என்று தேடித் தேடி விட்டான். எனக்குப் பேசத் தெம்பில்லை. காடுவெட்டி அருகே அவன் தோளில் வாந்தி எடுத்தேன். வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது. என் முகம் எப்படி இருந்தது என்று பின்னால் கேட்டேன். அரைத்த சுண்ணாம்பு மாதிரி இருந்ததாம்.

“பச்சிலை வாணாம் மச்சான்” என்றான். சாலையோரம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சிறிய மருத்துவமனை ஒன்று இருந்தது. ஸ்கூட்டரை அப்படியே மண்ணில் சாய்த்துப் போட்டுவிட்டு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நான் ஒன்றும் எடை குறைந்தவன் இல்லை.

வரவேற்பில் இருந்த சிஸ்டர் பெயர் கேட்டார். “ஆரோக்கியசாமி” என்றேன். அந்த வலியிலும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தது தெரிந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி படியேறினால் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

சர்ஜன் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், குள்ளம், கட்டிலருகே நிற்க ஒரு மரப்பலகை போட்டுக்கொள்வார். “கல்லு டாக்டர்” என்று கன்னியப்பன் ஆரம்பித்தான். “கல்லா இல்லையான்னு நான் சொல்றேன். அவருக்கு என்ன செய்யுதுன்னு அவர் சொல்லட்டும்” என்றார். நாலு நாளில் கல் என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு என்னைச் சொல்லவிட்ட முதல் ஆள் அவர்தான். தொப்புளில் ஆரம்பித்ததையும், பின்னால் போனதையும் சொன்னேன்.

“வர்ற வழியில பள்ளத்துல வண்டி குதிச்சப்போ எப்படி இருந்தது?”

“செத்துப் போயிரலாம்னு இருந்துச்சு டாக்டர்.”

அவர் என்னை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். என் வலது காலைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தார். என் வாயிலிருந்து வந்த சத்தத்தில் கன்னியப்பன் அறையை விட்டு வெளியே போய்விட்டான்.

“கல் இல்லை. குடல்வால். பின்னால ஒளிஞ்சிருக்கு” என்றார். நான் லூர்துவின் படத்தைப் பற்றிச் சொன்னேன், முன்னால் அழுத்தியபோது வலிக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார்.

சிறுகுடல் வந்து பெருங்குடலோடு சேரும் இடத்துக்குக் கீழே, பெருங்குடலின் தொடக்கம் ஒரு பை மாதிரி இருக்கும். சீக்கம் என்று பெயர். அந்தப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவில் ஒரு குழாய் முளைக்கும். ஒரு பக்கம் திறந்திருக்கும், மறு முனை அடைத்திருக்கும். அதுதான் குடல்வால். அதன் வாய் அடைபட்டால் உள்ளே சுரப்பது வெளியேற வழியில்லாமல் வீங்கும், சீழ் பிடிக்கும், விட்டால் உடையும். அதன் வேர் சீக்கத்தில் எப்போதும் ஒரே இடத்தில்தான். முனை மட்டும் ஆளுக்கு ஆள் எங்கு வேண்டுமானாலும் போகும். சிலருக்கு இடுப்புக் குழிக்குள் தொங்கும், சிலருக்கு நடுவயிற்றைப் பார்த்து நீளும், நிறையப் பேருக்கு என்னைப் போல சீக்கத்தின் முதுகுக்குப் பின்னால் மேல்நோக்கி மடிந்து கிடக்கும். முன்னாலிருந்து அழுத்தினால் நடுவில் சீக்கம் மெத்தை மாதிரி இருப்பதால் வலி தெரியாது. பின்னால் தொடையை அசைக்கும் தசை ஒன்று முதுகெலும்போரமாக இறங்குகிறது. வீங்கிய குடல்வால் அதன் மேல் படுத்திருப்பதால்தான் காலை நீட்டினால் வலிக்கிறது, மடக்கினால் இதம். சிறுநீர்க் குழாயும் பக்கத்திலேயே போவதால் அதுவும் உரசலில் புண்ணாகி, சிறுநீரில் ரத்த அணுக்கள் தெரிந்திருக்கின்றன. தொப்புளில் ஆரம்பித்ததற்கும் காரணம் சொன்னார். குடலின் நரம்புகளுக்கு வலியின் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாதாம். வீக்கம் வயிற்றுச் சுவரை உள்ளே போர்த்திய சவ்வைத் தொட்ட பிறகுதான் சரியான முகவரி கிடைக்கும்.

எனக்குப் பயம் இருந்தது. ஆனாலும் அந்தச் சீட்டைப் பார்த்தபோது, இத்தனை ஒழுங்காக இருக்கிறதே என்று ஒரு வியப்பும் வந்தது. “உடைஞ்சிருச்சா?” என்று கேட்டேன். “திறந்தாத்தான் தெரியும். இன்னும் காத்திருக்க முடியாது. உடைஞ்சு வயிறு பூரா பரவினா என் கையில இல்லை” என்றார். மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. பயம் மட்டும் குறையவில்லை.

சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். லூர்து பள்ளியில். ஆள் அனுப்பி வரவழைக்க நேரமில்லை. கன்னியப்பன் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். உறவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று சிஸ்டர் கேட்டார். “மச்சான்னு போடுறேம்மா” என்று அதையும் அவனே எழுதினான். அவசரத்தில் மச்சானில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. லூர்து பிற்பாடு அந்தத் தாளைப் பார்த்து அதையும் கவனித்தாள்.

முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். விழிப்போடுதான் இருந்தேன். பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம் என் வயிற்றுக்குள் கை போவது இழுப்பாகத் தெரிந்தது, வலியாக இல்லை. சர்ஜன் பக்கத்திலிருந்த உதவி டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். பெருங்குடலின் மேல் நீளவாக்கில் மூன்று தசைப் பட்டைகள் ஓடுகின்றன. மூன்றும் வந்து சேர்வது குடல்வாலின் வேரில். முனை எங்கே ஒளிந்தாலும், ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் வேர் கிடைத்துவிடும். “பட்டையை விடாதீங்க. அதுவே கூட்டிட்டுப் போகும்” என்றார். பிறகு “சீக்கத்தைத் தூக்குங்க” என்றார். உடனே ஒரு நாற்றம் வந்தது. வடிகால் அடைத்துக்கொண்ட வீட்டில் வருகிற நாற்றம். அது என்னுடையது என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

உடைந்திருந்தது. ஆனால் சீழ் வயிறு முழுக்கப் பரவவில்லை. சீக்கமே முன்னால் சுவராக நின்று, அதைப் பின்பக்க மூலையில் அடைத்து வைத்திருந்தது. எல்லாரையும் ஏமாற்றிய அதே மறைவிடம்தான் என் உயிரையும் பிடித்து வைத்திருந்தது என்று மறுநாள் ரவுண்ட்ஸில் சொன்னார்.

அடுத்த நாலைந்து நாட்கள் பக்கவாட்டில் ரப்பர் குழாய், கையில் குளுகோஸ். தண்ணீர் கிடையாது. குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம் வேண்டுமாம். காலையில் சர்ஜன், பகலில் சிஸ்டர், மாலையில் துடைக்க வரும் அம்மாள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “காத்து பிரிஞ்சுதா?” நாற்பதை நெருங்கும் ஒரு மனிதனிடம் இதைச் சத்தமாகக் கேட்பதில் அங்கே யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. லூர்து பஞ்சை நனைத்து என் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே இருந்தாள். தானும் எனக்கு எதிரே தண்ணீர் குடிப்பதில்லை, வராந்தாவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவாள். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும்.

மூன்றாம் நாள் அவள் சர்ஜனிடம் கேட்டாள். “டாக்டர், அவரைப் பெஞ்சு மேலேர்ந்து குதிக்க வெச்சாங்க. அதனாலதான் உடைஞ்சுதா?”

சர்ஜன் அந்தக் கதையைக் கேட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். “குதிகாலில் இறங்கச் சொல்லி வயிறு வலிக்குதான்னு பாக்கிறது எங்க டெஸ்ட்டும்மா. உங்க ஆளுங்க எனக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க, பதிலைத்தான் தப்பாப் படிச்சிருக்காங்க. அதனாலதான் உடைஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். நாள் தள்ளினதே போதும் அதுக்கு. ஆனா அதனால இல்லவே இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது.”

லூர்து தலையாட்டினாள். அவர் போனதும் என்னிடம், “அந்த மனுசன் இந்தப் பக்கம் வரக்கூடாது” என்றாள். படத்தை வைத்து அழுத்திப் பார்த்த விரல்களை அவள் மடக்கி வைத்திருந்தாள். யார் மேல் கோபம் என்று கேட்டிருந்தால் அவளாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

கன்னியப்பன் வரவில்லைதான். ஷாப்பிலிருந்து மற்றவர்கள் வந்தார்கள், ரொட்டியும் ஆர்லிக்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள். அவன் மட்டும் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, சொல்லிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் காலை ஒருவழியாகக் காற்று பிரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். சிஸ்டர் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “உங்க மச்சானுக்கு இனிமே நிம்மதி” என்றார்.

“எந்த மச்சான்?” என்றாள் லூர்து.

“தினமும் ஷிப்ட் முடிஞ்சதும் வர்றாரே. சைக்கிள் ஸ்டாண்டாண்ட நிக்கிறார். யாராவது வெளிய வந்தா காத்து பிரிஞ்சிச்சான்னு கேக்கிறார். இல்லைன்னா அப்படியே போயிடறார். உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கிறார்.”

அன்று மாலை ஐந்தரைக்கு லூர்து எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது பின்னால் கன்னியப்பன். உலையின் கரி கழுத்தில் அப்படியே இருந்தது. கட்டிலை ஒட்டி வராமல் இரண்டு கட்டில் தள்ளி நின்றான். ரப்பர் குழாயைப் பார்த்தான், அதன் முனையில் தொங்கிய புட்டியைப் பார்த்தான்.

“எப்டிகீற மச்சான்?”

“இருக்கேன்ப்பா. உக்காரு.”

உட்காரவில்லை. “ஒண்ணு கேக்கணும். யாராண்டயும் கேக்க முடில, அதான் உள்ளயே வரல” என்று நிறுத்தினான். என்னைப் பார்க்காமல் லூர்துவைப் பார்த்துக் கேட்டான். “நான் குதிக்கச் சொன்னதாலதான் ஒடஞ்சிச்சா தங்கச்சி? டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?”

நான் ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் கேள்வி என்னிடம் வரவில்லை. லூர்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையின் நாரை முழுவதும் எடுத்து முடித்தாள்.

“கேட்டேண்ணே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னாங்க. திங்கக்கிழமையே உடைஞ்சிருக்காம். நீங்க அள்ளிட்டு வரலைன்னா ஆள் இல்லைன்னாங்க. உக்காருங்க, பழம் சாப்பிடுங்க.”

அவன் அப்போதுதான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, அவள் கொடுத்த சுளையை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். நான் லூர்துவைப் பார்த்தேன். அவள் அடுத்த சுளையின் நாரை எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் தெரிந்தே அவள் சொன்ன தப்பான தகவல் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.